எனக்குப் பொருந்தாத நாயை வாங்கிய அனுபவம்

2023 ஜூனில் ஒரு பீகிள் குட்டி வாங்கினேன். 2024 மே மாதம் அதைக் காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பில் குடியிருக்கும் ஒரு குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். நடுவில் போன பதினோரு மாதத்தைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் "வேலைக்குப் போறேன், பார்த்துக்க முடியல" என்று ஒரு வரியில் முடித்துவிடுவேன். போன வாரம் எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த தங்கை ஒருத்தி, "அக்கா, தனியா ரூம்ல இருக்கேன், போரடிக்குது, ஒரு ஹஸ்கி குட்டி பார்த்து வச்சிருக்கேன்" என்று போனில் படத்தைக் காட்டினாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. எனக்கு அன்று யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நினைத்ததையெல்லாம் அவளுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அவளைப் போல வேறு யாருக்காவது உதவினாலும் சரி.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் எது எங்கே தவறியது என்று புரியாது. வயது முப்பத்தெட்டு. ஓசூரில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை. வீடு கிருஷ்ணகிரியில், வாடகைக்கு, மாடிப் போர்ஷன். காலை ஏழு மணிக்குக் கதவைப் பூட்டினால் சூளகிரி வழியாகப் பஸ் பிடித்து ஆபீஸ் போய்ச் சேர எட்டரை ஆகிவிடும். திரும்பி வீட்டுக்கு வர ராத்திரி ஏழரை. 2022 நவம்பர் வரை வீட்டில் அம்மா இருந்தார். அதற்குப் பிறகு நான் மட்டும்தான். சாவியைத் திருப்பும்போது உள்ளே டிவி சத்தம் கேட்காது, "வந்துட்டியாம்மா" என்ற குரல் கேட்காது. அந்தச் சில மாதங்கள் எப்படிப் போயின என்று விவரிக்க எனக்கு வார்த்தை போதவில்லை. வீட்டுக்குள் ஏதாவது ஓர் உயிர் நடமாட வேண்டும் என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் "உங்கள் குணத்துக்கு ஏற்ற நாய் எது?" என்று பத்துக் கேள்வி கேட்டுப் பதில் சொல்கிற ஒன்று போனில் வந்தது. வெளியில் நடப்பது பிடிக்குமா, கலகலப்பாக இருப்பவரா, வீட்டில் விளையாட நேரம் உண்டா, கொஞ்சுவது பிடிக்குமா, இப்படி. பிடிக்கும், ஆமாம், உண்டு, ரொம்பப் பிடிக்கும் என்று அழுத்திக்கொண்டே போனேன். பீகிள் என்று வந்தது. பெரிய காது, சோகமான கண்கள், அப்படியே மனதில் உட்கார்ந்துவிட்டது. இப்போது யோசித்தால் நான் அங்கே ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் மலையடிவாரம் வரை நடந்தது உண்மை, அம்மாவோடு. வீட்டில் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது உண்மை, அம்மாவோடு. அப்போது நான் ஓசூர் போகவில்லை, உள்ளூரிலேயே ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்கு வீட்டில் இருப்பேன். அந்தப் பத்துக் கேள்விக்கும் பதில் சொன்னது அம்மா இருந்த காலத்து நான். நாய்க்குட்டி வந்து சேர்ந்ததோ இப்போதைய என்னிடம்.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று எழுதுவதற்கு முன்னால், ஒரு வாரம் நீங்கள் எத்தனை மணிக்கு எங்கே இருக்கிறீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து. வீட்டில் விழித்திருக்கும் நேரம் எவ்வளவு, அதில் சமையல், துணி, போன் போக மிச்சம் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். நான் பின்னால் கூட்டிப் பார்த்தபோது வேலை நாட்களில் ஒன்றேகால் மணி நேரம்தான் வந்தது. பீகிள் என்பது இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காகக் கூட்டம் கூட்டமாக ஓடவிட்டு வளர்த்த இனம். மோப்பம் பிடித்து மணிக்கணக்கில் ஓடும். கூடவே நாலு நாய் இருந்து பழகிய ரத்தம். ஊளை போன்ற நீண்ட குரல் எழுப்புவது வேட்டைக்காரனுக்கு இடம் காட்டுவதற்காக அதற்கு வந்த குணம். அப்பேர்ப்பட்ட நாயை மாடி வீட்டில் பன்னிரண்டு மணி நேரம் தனியாகப் பூட்டி வைக்கப் போகிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

குட்டியை விற்றவரைப் போனில்தான் பிடித்தேன். பெங்களூர்ப் பக்கம். "தாய் நாயைப் பார்க்கலாமா?" என்று கேட்டதற்கு, "அது ஊர்ல இருக்கு மேடம், நீங்க அத்திப்பள்ளி வரைக்கும் வாங்க, கொண்டுவந்து தர்றேன்" என்றார். நெடுஞ்சாலை ஓரம் ஒரு டீக்கடை முன்னால் காரிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கினார். பதினெட்டாயிரம் கொடுத்தேன். அறுபது நாள் குட்டி, ஒரு ஊசி போட்டாச்சு என்றார். கையில் ஒரு கார்டு கொடுத்தார். அதில் தேதி இருந்தது, டாக்டர் கையெழுத்து இல்லை. எனக்கு அதைக் கவனிக்கிற நிதானம் இல்லை. பெட்டிக்குள் இருந்து அது என் சுண்டுவிரலைச் சப்ப ஆரம்பித்திருந்தது.

மறுநாள் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். வாயைத் திறந்து பார்த்தார். "ஏம்மா, இது அறுபது நாளா? பக்கவாட்டுப் பல்லு இன்னும் முழுசா வெளிய வரல. நாற்பது நாள் இருந்தா அதிகம்" என்றார். 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது, நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்கு அவர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த எட்டு வாரமும் சும்மா வைத்த கணக்கு இல்லை. தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் புரண்டு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எப்போது விட வேண்டும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. முன்கூட்டியே பிரித்த குட்டிக்கு அது தெரியாது, பயமும் அதிகம் இருக்கும். எந்த இனமாக இருந்தாலும் சரி, தாயை அது இருக்கிற இடத்திலேயே பார்க்காமல் வாங்காதீர்கள். தாய் ஆளைக் கண்டு ஒடுங்குகிறதா, வாலாட்டுகிறதா என்று பார்த்தால் குட்டியின் குணம் பாதி தெரிந்துவிடும். ரோட்டோரம் கைமாற்றுகிறேன் என்று சொல்பவரிடம் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

ஐந்தாவது நாள் காலை பால் கலந்த சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. (பாலும் கொடுத்திருக்கக் கூடாது, அது வேறு.) மத்தியானம் நுரை நுரையாக வாந்தி. சாயங்காலம் ரத்தக் கழிசல். அந்த நாற்றத்தை ஒருமுறை அனுபவித்தவர்களுக்கு மறுபடி எங்கே வந்தாலும் தெரிந்துவிடும். கழிசலில் பஞ்சைத் தொட்டு ஒரு சின்ன கிட்டில் சொட்டு விட்டார் டாக்டர். இரண்டு கோடு வந்தது. பார்வோ, குட்டி நாய்களைத் தாக்கும் வைரஸ் நோய். "வைரஸைக் கொல்ல மருந்து கிடையாதும்மா. தண்ணிச்சத்து குறையாம ட்ரிப்ஸ் ஏத்தணும், வாந்தியை நிறுத்தணும், வேற தொற்று வராம ஊசி போடணும். மிச்சத்தை அதோட உடம்பு பார்த்துக்கணும்" என்றார். ஆறு நாள் காலையும் மாலையும் ட்ரிப்ஸ். முன்னங்காலில் ஊசி ஏற ஷேவ் பண்ணிய இடம் ஒரு ரூபாய் நாணயம் அளவு இருக்கும். அந்தக் காலை என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நாலாம் நாள் டாக்டர் தலையாட்டிய விதத்தைப் பார்த்து முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஐந்தாம் நாள் சொட்டு மருந்துக் குழாயில் கொடுத்த தண்ணீரை நாக்கால் இழுத்தது.

பிழைத்தது. பப்லு என்று பேர் வைத்தேன். மருந்துச் செலவு 11,400. ஒன்பது நாள் லீவு, அதில் ஐந்து நாளுக்குச் சம்பளம் பிடித்தார்கள், நாலாயிரம். வீட்டைச் சுத்தம் பண்ணுவதும் தனி வேலையாக இருந்தது. அந்த வைரஸ் தரையிலும் பாயிலும் மாதக்கணக்கில் கிடக்கும், சாதாரண பினாயிலுக்கு அசையாது, ப்ளீச்சிங் கரைசல் ஊற்றித் துடைக்க வேண்டும். உங்கள் வீட்டில் இதற்கு முன்னால் பார்வோ வந்த நாய் இருந்திருந்தால் ஊசி முழுதும் போட்டு முடிக்காத குட்டியைக் கொண்டுவராதீர்கள். ஊசி என்றால் ஒன்று போட்டு முடிவதில்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வார இடைவெளியில், பதினாறு வாரம் வரை போட வேண்டும். ரேபிஸ் ஊசி தனி. அதுவரை தெருவில் இறக்கிவிடக் கூடாது.

இதெல்லாம் நான் பணத்தாலும் தூக்கத்தாலும் கட்டிய விலை. ஆனால் உண்மையான கஷ்டம் குட்டி பிழைத்து வளர்ந்த பிறகுதான் ஆரம்பித்தது. நோய் என்றால் டாக்டர் இருக்கிறார். பொருத்தம் இல்லாமல் போனால் என்ன செய்வது?

முதல் இரண்டு மாதம் பக்கத்துப் போர்ஷன் அக்கா மத்தியானம் ஒருமுறை கதவைத் திறந்து விட்டார். குட்டி நாய் எவ்வளவு நேரம் சிறுநீரை அடக்கும் என்பதற்கு டாக்டர் ஒரு கணக்குச் சொன்னார். எத்தனை மாதக் குட்டியோ அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும், அத்தனை மணி நேரம். இரண்டு மாதக் குட்டி மூன்று மணி நேரம் தாங்கும். நான் போவதோ பன்னிரண்டு மணி நேரம். ஆகஸ்டில் அக்காவும் வேலைக்குச் சேர்ந்தார். அதற்குப் பிறகு தினமும் கதவைத் திறந்தால் ஹால் முழுக்க ஈரம், பேப்பர், பிய்ந்த பஞ்சு. பஸ்ஸில் நின்றே வந்த காலோடு பக்கெட்டையும் துடைப்பத்தையும் எடுப்பேன். பப்லு என் புடவை முனையைக் கடித்து இழுத்துக்கொண்டு பின்னாலேயே வரும். அதற்கு அப்போதுதான் பொழுது விடிகிறது. எனக்கு அப்போது வேண்டியது ஒரு டம்ளர் காபியும் சத்தமில்லாத அரை மணி நேரமும்தான்.

செப்டம்பரில் கீழ்வீட்டில் இருந்த ஹவுஸ் ஓனர் அம்மா என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. போனை எடுத்து, "இதைக் கேளு பாப்பா" என்று ஒரு ரெக்கார்டிங் போட்டார். அதை அவர் எனக்கும் அனுப்பி வைத்தார். மறுநாள் ஆபீசில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு காதில் இயர்போன் மாட்டிக் கேட்டேன். நீளமாக ஒரு ஊளை. நிறுத்தி, யாராவது பதில் சொல்கிறார்களா என்று கேட்பது போல ஒரு இடைவெளி. மறுபடியும் ஊளை. பதினேழு நிமிஷம். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். அன்று ராத்திரி கதவின் உள்பக்கத்தைக் குனிந்து பார்த்தேன். கீழ்ப்பக்கம் பெயின்ட் உரிந்து, உள்ளே வெள்ளை மரம் தெரிய, கோடு கோடாகப் பிறாண்டியிருந்தது. இரண்டு இடத்தில் காய்ந்த ரத்தம். முன்னங்கால் நகம் ஒன்று பிளந்திருந்தது. நான் இத்தனை நாளும் பஞ்சையும் பேப்பரையும்தான் பார்த்திருக்கிறேன், கதவைப் பார்க்கவே இல்லை.

"தனிமை தாங்காத நாய்ங்க இப்படித்தான் பண்ணும். சேட்டைன்னு நினைக்காதீங்க, பயம். அடிச்சா இன்னும் ஜாஸ்தியாகும்" என்றார் டாக்டர். கொஞ்ச கொஞ்சமாகத் தனியாக விட்டுப் பழக்கும் முறையைச் சொல்லித் தந்தார். சாவியை எடுத்து ஆட்டிவிட்டு வெளியே போகாமல் உட்காருவது, ஐந்து நிமிஷம் போய்த் திரும்புவது, பத்து நிமிஷம் போய்த் திரும்புவது என்று. நல்ல முறைதான். ஆனால் அப்படிப் பழக்கி முடிகிற வரை அதை நெடுநேரம் தனியாக விடவே கூடாது. வேலைக்குப் போகிறவளுக்கு அதற்கு எங்கே போவது? மாதம் 2,500 கொடுத்து ஒரு பெரியம்மாவை மத்தியானம் இரண்டு மணி நேரம் இருக்கச் சொன்னேன். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை ஊளை பாதியாகக் குறைந்தது. பிறகு அவர் மகள் பிரசவத்துக்குத் திருப்பத்தூர் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள். மாதக் கடைசிக் கணக்கு முடித்து ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மாவின் பழைய கண்ணாடிக் கூட்டை மேசையிலிருந்து இழுத்துச் சப்பி, பிளாஸ்டிக் துண்டு துண்டாகக் கிடந்தது. நான் கத்தினேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று எனக்கே தெரியாது. பப்லு நாலு காலையும் மடக்கித் தரையோடு ஒட்டி, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தது. அடியில் ஈரம் பரவியது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அழுதேன். துணைக்கு என்று ஒரு உயிரைக் கொண்டுவந்து, அதைப் பகல் முழுக்கத் தனியாக அழவிட்டு, ராத்திரி பயமுறுத்தவும் செய்கிறேன் என்று தெரிந்தபோது வந்த அவமானம் இன்னும் இருக்கிறது. அம்மா போன பிறகு நான் அனுபவித்த தனிமையை அப்படியே எடுத்து அதன் தலையில் வைத்திருந்தேன்.

கொடுத்துவிடுவது என்ற முடிவுக்கு வரவே இரண்டு மாதம் ஆனது. யாராவது தப்பாகப் பேசுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம், நன்றி கெட்டவள் ஆகிறேனோ என்ற எண்ணம் ஒரு பக்கம். டாக்டர்தான், "நீங்க அதை விட்டுடல, சரியான இடத்துல சேர்க்கறீங்க" என்று சொல்லி ஒரு குடும்பத்தைக் காட்டினார். இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சில விஷயம். ஆன்லைனில் படம் போட்டு வருகிற முதல் ஆளுக்குக் கொடுக்காதீர்கள். ஜாதி நாய் என்றால் குட்டி போடவைத்து விற்பதற்கென்றே வாங்க வருகிறார்கள். கொடுப்பதற்கு முன் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது, நான் செய்தேன். அந்த வீட்டுக்கு நேரில் போய்ப் பாருங்கள். நான் இரண்டு தடவை போனேன். எங்கள் பக்கத்துத் தோப்புகளில் பெரிய திறந்த கிணறு இருக்கும், அங்கே கைப்பிடிச் சுவர் இடுப்பளவு இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. பகல் முழுக்கத் திண்ணையில் இருக்கும் தாத்தா ஒருவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பையன்கள், ஏற்கெனவே இரண்டு நாட்டு நாய்கள். நாயின் குறையை ஒன்றுவிடாமல் சொன்னேன். கத்தும், கடித்துப் பிய்க்கும், சாப்பாட்டைத் திருடும், வாசனை கிடைத்தால் கூப்பிட்டாலும் திரும்பாது என்று. மறைத்துக் கொடுத்தால் பத்தே நாளில் திரும்பி வரும், அல்லது எங்காவது ரோட்டில் இறக்கிவிடப்படும். தாத்தா கேட்டுவிட்டு, "இங்க கத்தினா யாருக்கும்மா கேக்கப் போவுது" என்றார். ஊசிக் கார்டு, சாப்பிடும் தட்டு, என் பழைய புடவை ஒன்று, மூன்றையும் கொடுத்தேன். பணம் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து செலவைக் கூட்டினேன். குட்டி 18,000. அத்திப்பள்ளி போய்வர வண்டி 3,200. கூண்டு, பெல்ட், படுக்கை 5,300. பார்வோ 11,400. பிடித்த சம்பளம் 4,000. பெரியம்மாவுக்கு நாலு மாதம் 10,000. கதவும் சோபாவும் 5,150. ஊசி, ஆபரேஷன் எல்லாம் 7,300. சாப்பாட்டைச் சேர்க்காமல் 64,350 ரூபாய். என் சம்பளத்துக்கு அது இரண்டரை மாத உழைப்புக்கும் மேல்.

அந்தச் சமயத்தில் பாலக்கோட்டுத் தாத்தா ஞாபகம் அடிக்கடி வந்தது. அம்மாவின் அப்பா. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவரோடு ஒருமுறை சந்தைக்குப் போயிருக்கிறேன், மாடு பிடிக்க. ஆலம்பாடி காளை ஒன்று, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. பல்லைப் பிடித்துப் பார்த்தார், கொஞ்ச தூரம் நடக்கவிட்டுக் கால் வைக்கிற விதத்தைப் பார்த்தார், சுழி பார்த்தார். கடைசியில் வேண்டாம் என்று துண்டை உதறிவிட்டு வந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நல்ல மாடுதான் சாமி. நம்ம வீட்டுக் காளை மெதுவா நடக்கும். இது அதோட நுகத்தடியில சேராது. ரெண்டும் கழுத்து வலிச்சே சாவும்" என்றார். மாட்டில் குறை இல்லை, சேர்க்கையில்தான் குறை என்று அவருக்குப் பார்த்ததும் தெரிந்தது. படிப்பறிவே இல்லாத மனிதர். பத்துக் கேள்விக்கு நான் பட்டன் அழுத்திய நேரத்தில் அவரை நினைத்திருந்தால் போதும்.

அவர் பார்த்த மாதிரியே நானும் பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். இந்தத் தடவை என் நுகத்தடியின் அளவை முதலில் எழுதினேன். சத்தம் எவ்வளவு தாங்குவேன்? தாங்க மாட்டேன், இரண்டு பேர் சேர்ந்து பேசினாலே தலை வலிக்கும். மேலே ஏறி விழுந்து கொஞ்சுவது பிடிக்குமா? உண்மையைச் சொன்னால் பிடிக்காது, பக்கத்தில் யாராவது இருந்தால் போதும். வீடு அழுக்கானால்? மனசு கெடும். ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? இரண்டு நாள் என்றால் பக்கத்து அக்கா, அதற்கு மேல் யாரும் இல்லை. மாதம் எவ்வளவு ஒதுக்கலாம்? 1,500, அவசரத்துக்கென்று தனியாகப் பத்தாயிரம். இன்னும் எத்தனை வருஷம் இதே வேலை, இதே வீடு? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும், பூனை பதினைந்தைத் தாண்டும், காக்கட்டீல் என்கிற சின்னக் கிளிகூட நல்லபடி பார்த்தால் பதினைந்து இருபது வருஷம் வாழும்.

அந்த நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஹஸ்கி பனியில் வண்டி இழுத்த நாய், இரட்டை அடுக்கு முடி. சித்திரை வைகாசியில் கிருஷ்ணகிரி பாறைச் சூட்டில் நமக்கே மூச்சு முட்டும். பகல் முழுக்க ஏசி போட முடியாதவர்கள் அதை வாங்குவது பாவம், தங்கச்சி, கோபித்துக்கொள்ளாதே. பக் நாய் சாது, ஆனால் அந்தச் சப்பை மூக்கால் வெயிலில் மூச்சு விடவே கஷ்டப்படும். சிப்பிப்பாறையும் கன்னியும் நம் மண்ணின் வேட்டை நாய்கள், சூட்டைத் தாங்கும், ஆனால் ஓடக் காடு வேண்டும். லேப்ரடார் யாரோடும் சேரும் என்பார்கள், நிஜம்தான், அதற்காகவே அதற்கு எப்போதும் யாராவது வேண்டும். பச்சைக்கிளி வளர்க்கவே கூடாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், நட்சத்திர ஆமையும் அப்படித்தான், கூண்டோடு கொண்டுவந்து விற்றாலும் வாங்காதீர்கள். மீன் தொட்டி எனக்குப் பொருந்தும் என்றுதான் தோன்றியது. வீட்டுக்குள் ஏதாவது நடமாட வேண்டும் என்று ஆசைப்பட்டவளுக்கு அது மட்டும் போதவில்லை. குட்டியே வேண்டாம் என்று முடிவு செய்ததுதான் இதில் முக்கியம். குட்டி எப்படிப்பட்ட குணமாக வளரும் என்பது யூகம். வளர்ந்த உயிரின் குணம் கண்ணெதிரே இருக்கிறது, போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

செப்டம்பரில் டாக்டரே போன் செய்தார். ரிட்டயரான டீச்சர் ஒருவர் கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போகிறார், மருமகளுக்கு ஆஸ்துமா, ஐந்து வயதுப் பெண் பூனை ஒன்று இருக்கிறது என்றார். உடனே சரி என்று சொல்லவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய் அவர் வீட்டு ஹாலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். முதல் வாரம் பூனை பீரோ மேலிருந்து இறங்கவே இல்லை. டீச்சர் ஒளிக்காமல் சொன்னார், "மடியில ஏறாதும்மா. தூக்கினா பிறாண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு ஓட்டம் ஓடும். மத்தபடி பகலெல்லாம் தூங்கும்." வளர்ந்த பூனை ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கும், விடிகாலையும் அந்தியும்தான் அதற்கு வேட்டை நேரம். நான் வீட்டில் இருக்கிற நேரமும் அதுதான். இரண்டாம் வாரம் இறங்கி வந்து என் செருப்பை முகர்ந்துவிட்டு, எனக்கு ஒரு கை தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. நம்பாத ஆளுக்குப் பூனை முதுகைக் காட்டாது என்றார் டீச்சர்.

பூனை என்றால் செலவே இல்லை, வேலையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை அடிக்க 3,800 ஆனது. வெளியே விடாத பூனைக்கும் ரேபிஸ் ஊசி போட வேண்டும். அது கழிக்கும் மண் தட்டை தினமும் அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும், இரண்டு நாள் விட்டால் அது வேறு இடம் தேடும். பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும், காய்ச்சல் என்று நாமாகக் கொடுத்துவிடக் கூடாது. வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு முதல் மூன்று வாரம் செல்லி, அதுதான் அந்தப் பூனையின் பேர், கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. இரவில் மட்டும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். முன்பு போல் இருந்திருந்தால் இழுத்து மடியில் வைத்திருப்பேன். இந்தத் தடவை தரையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு அதைப் பார்க்காமல் புத்தகம் படித்தேன். இருபத்திரண்டாம் நாள் கட்டில் விளிம்புக்கு வந்து, என்னைப் பார்த்து இரண்டு கண்ணையும் மெதுவாக மூடித் திறந்தது. நானும் அப்படியே செய்தேன்.

இப்போதும் மடியில் ஏறுவதில்லை. ஏழரைக்குச் சாவி சத்தம் கேட்டால் ஜன்னல் திண்டிலிருந்து குதித்து இறங்கும் சத்தம் வரும், தொப்பென்று. நான் காபி குடிக்கும்போது ஒரு கை தூரத்தில் வந்து உட்காரும். அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசுவதில்லை.

பப்லுவை மாம்பழ சீசனில் போய்ப் பார்த்தேன். தோப்பில் தோத்தாபுரி அறுவடை, லாரியில் கூடை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தூரத்திலேயே அந்த ஊளை கேட்டது. இரண்டு நாட்டு நாய்களுக்கு நடுவில், மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு, காது இரண்டும் மண்ணில் புரள ஓடி வந்தது. பையைச் சுற்றி மோந்தது. என் கையை நக்கியது, வெகு நேரம். பிறகு எங்கிருந்தோ கீரி வாசனையோ எலி வாசனையோ வந்திருக்க வேண்டும், தலையைத் தூக்காமல் வரப்பு ஓரமாகப் போய்விட்டது. சின்னப் பையன் பின்னாலேயே ஓடினான். தாத்தா ஒரு தட்டில் களி உருண்டையும் கீரைக் குழம்பும் வைத்தார். சாப்பிட்டுவிட்டு, பப்லு தட்டில் காலையில் போட்ட களி மிச்சம் ஏதும் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். துடைத்து வைத்தது போல இருந்தது. நாலு மணி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.